சாரியா டு போர்த்தொமரின், முதல் நாளே 22 கிலோமீட்டர்... தாங்குமா?

நடராசா_ஈசூன்: நானும் என் ஃப்ரெண்டும் அடுத்த மாசம் ஸ்பெயின்ல கமீனோ (சாந்தியாகோ சர்ச்சுக்குப் போற யாத்திரை நடை) நடக்கப் போறோம், சாரியால ஆரம்பிச்சு சாந்தியாகோ வரைக்கும். இதுவரை நாங்க நடந்ததுல பெருசுன்னா சிங்கப்பூர்ல தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்ததுதான் 😅 யாராச்சும் போயிருக்கீங்களா?

முட்டிவலி_மாமா: தாங்கும் தம்பி. ஆனா அங்க ஏத்த எறக்கம் ஜாஸ்தி, நம்ம புக்கிட் தீமா மலைல ஏறி எறங்கிப் பழகுங்க. எனக்கு ஏத்தம்கூட பரவால்ல, கடைசில போர்த்தொமரினுக்கு முன்னாடி ஆத்தப் பாத்து எறங்குற சரிவுலதான் முட்டி போச்சு, பாலம் தாண்டுனா ஊருக்குள்ள போக படிக்கட்டு வேற, கூட்டாளி அங்கயே உக்காந்துட்டான். பழைய ஊரு 1960கள்ல அணை கட்டுனப்ப தண்ணிக்குள்ள போயிடுச்சாம், சர்ச்ச கல்லு கல்லா பிரிச்சு மேட்டுல கட்டியிருக்காங்க, கல்லுல போட்ட நம்பர் இன்னும் தெரியுது!

தோசைக்கல்: புது ஷூ வேணாம், ப்ளீஸ். ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே நடக்கணும்னு இல்ல, அவங்கவங்க வேகத்துல போய் காப்பிக் கடைல சேந்துக்கலாம், இல்லன்னா சண்டைதான் (அனுபவம்). வழியில யாத்திரை அட்டைல ஸ்டாம்ப் (முத்திரை) வாங்க மறந்துடாதீங்க, நடந்து முடிச்சா குடுக்குற சர்டிஃபிகேட்டுக்கு அதத்தான் பாப்பாங்க. சைவமா?

நடராசா_ஈசூன்: நான் சைவம், அவன் எல்லாம் சாப்பிடுவான்.

தோசைக்கல்: அப்ப அந்த ஊரு கால்தோ சூப்ப நம்பாதீங்க, கீரைதான் தெரியும், உள்ள பன்னிக்கறி இருக்கும். ஊறுகா பாக்கெட் எடுத்துக்கோங்க.