மாநாட்டில் வந்த கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்பலாமோ?

தின்னைவேலி:
வலிகாமத்தில் 40 கிணறுகளின் நைத்திரேற்று அளவை முன்கணிக்கிற மாதிரி பற்றிய 6 பக்கக் கட்டுரை, ஐ.ஈ.ஈ.ஈ. என்கிற பொறியியல் சங்கத்தின் மாநாட்டுத் தொகுப்பில், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. இலக்கத்தோடு வந்திட்டுது. கொப்பிறைற் படிவமும் ஒப்பமிட்டுக் குடுத்தாச்சு. இதைச் சஞ்சிகைக்கு அனுப்பலாமோ? 30 வீதம் மாத்தினால் போதும் என்கினம். எதில் 30 வீதம்? யாழ். பல்கலைக்கழக மாநாட்டில் சுருக்கம் மட்டும் வந்த இன்னொரு ஆய்வும் இருக்கு. அதுக்கும் இதே விதிதானோ?

கோண்டாவில்:
சுருக்கத்தைப் பற்றி யோசிக்காதேங்கோ. மாநாட்டுச் சுருக்கமோ போஸ்டரோ முழுக்கட்டுரைக்குத் தடையில்லை என்று மருத்துவச் சஞ்சிகைகளின் ஐ.சி.எம்.ஜே.ஈ. நெறியே சொல்லுது. எந்த மாநாடு, எந்த ஆண்டு என்று கவர் லெற்றரில் ஒரு வரி போடுங்கோ.

முழுக்கட்டுரையில்தான் கவனம் வேணும். கொப்பிறைற் வேறை, ஒரே ஆய்வைப் புதிசு மாதிரித் திருப்பி வெளியிடுற இரட்டை வெளியீடு வேறை. மற்றவை மீளப் பயன்படுத்த விடுகிற கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்த தொகுப்பென்றால் முதலாவது சிக்கல் பெரும்பாலும் தீர்ந்திடும். இரண்டாவது அப்பிடியே நிக்கும்.

வீதக் கணக்கு புதிய உள்ளடக்கத்துக்கு, மாத்தின சொற்களுக்கில்லை. கணினியியல் சங்கமான ஏ.சி.எம். குறைந்தது 25 வீதம் கேட்குது. ஐ.ஈ.ஈ.ஈ. கணிசமான புதிய தொழினுட்ப விடயத்தையும், முந்தின கட்டுரையை மேற்கோள் காட்டுறதையும் எதிர்பார்க்குது. அதுக்கு மேலை ஒவ்வொரு சஞ்சிகையும் தன்ரை அளவை வைக்கும். அனுப்ப முதல் அந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் அறிவுறுத்தலைத் திறந்து பாருங்கோ.

உங்கடை அளவீடு கோடையில் மட்டும் எடுத்ததென்றால், மாரி மழைக்குப் பிறகு அதே கிணறுகளில் எடுக்கிற அளவீடு உண்மையான விரிவு. தோட்டத்து மண்ணில் கிடக்கிற பசளையை மழைநீர் கழுவிக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள்ளாலை கீழை இறக்கும். கோடைத் தரவில் பயிற்றின மாதிரி அதுக்குத் தாக்குப்பிடிக்குதோ என்பது புதுக் கேள்வி. முன்னுரையை நீட்டி இன்னும் 20 உசாத்துணை சேர்த்தால் பக்கம்தான் கூடும்.

பனங்கூடல்:
நடைமுறையில் பிழைக்கிற இடம் முறையியல் பகுதி. எழுத்து ஒற்றுமையைப் பிடிக்கிற மென்பொருளான ஐதென்ரிகேற், மாநாட்டுக் கட்டுரையைத் தனி மூலமாகக் காட்டும். மொத்த வீதத்தை விட அந்த ஒற்றை மூலத்தின் வீதம்தான் எடிற்றரின் கண்ணில் குத்தும். அதுக்குப் பயந்து கலைச்சொற்களை மாத்தாதேங்கோ. முதல் கட்டுரையில் 'சராசரி வர்க்கப் பிழை' என்று எழுதினதை இதில் வேறை பெயரில் எழுதினால், வேறை அளவுகோல் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார். முறையியலை ஒரு பந்தியாகச் சுருக்கி, மாநாட்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுறதே நேரான வழி.

கவர் லெற்றரில் வேறுபாட்டைச் சின்ன அட்டவணையாகப் போடுங்கோ. மாநாட்டில்: கோடை, ஒரு மாதிரி, 4 படம். சஞ்சிகையில்: கோடையும் மாரியும், மூன்று மாதிரிகளின் ஒப்பீடு, பழைய படங்களில் ஒன்று மட்டும். மாநாட்டுக் கட்டுரையின் பிடிஎவ்வையும் இணையுங்கோ. இருபக்கமும் பெயர் மறைச்ச மதிப்பீடென்றால் இதெல்லாம் எடிற்றருக்கு மட்டும் போகவேணும். கட்டுரைக்குள் 'எமது' என்று எழுதாமல் 'முன்னைய ஆய்வொன்றில்' என்று எழுதுங்கோ. அந்தப் பழைய படத்துக்கு வெளியீட்டாளரின் பக்கத்திலுள்ள அனுமதி இணைப்பாலை விண்ணப்பிக்கலாம். புதுத் தரவையும் சேர்த்துத் திருப்பி வரைஞ்சால் இன்னும் நல்லம்.

இணை ஆசிரியர் எல்லாரிட்டையும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கோ, மாநாட்டோடை நிண்டவையிட்டையும்.

தின்னைவேலி:
நன்றி. தமிழ்ச் சஞ்சிகைக்கு மொழிபெயர்த்துக் குடுத்தால் புதுக் கட்டுரையாகுமோ?

கோண்டாவில்:
ஆகாது, அது இரண்டாம் வெளியீடு. இரண்டு எடிற்றர்மாரின் அனுமதியும் வேணும். முதற்பக்க அடிக்குறிப்பில் மூலக் கட்டுரையின் முழு விபரம் வரவேணும். தன்விபரக் கோவையிலும் மூலத்துக்குக் கீழை 'தமிழாக்கம்' என்றே போடுங்கோ. அடிக்குறிப்பு இல்லாட்டி, நாளைக்குக் குடாநாட்டுக் கிணற்று ஆய்வுகளைத் தொகுக்கிற ஒருவர் உங்கடை 40 கிணற்றை 80 என்று எண்ணிப்போடுவார். மொழிபெயர்க்கிறதென்றால் சஞ்சிகைப் பதிப்பு வரும்வரை பொறுத்து அதையே தமிழாக்குங்கோ. மாரித் தரவு அதிலைதான் இருக்கும்.