புதுப்பிப்பு: நாய்க்குட்டியின் வாலை இழுக்கும் என் மகன்

தெருவிலிருந்து எடுத்து வந்த நாய்க்குட்டியின் வாலை என் 6 வயது மகன் இழுத்துக்கொண்டே இருக்கிறான், திட்டியும் கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"திட்டாதீர்கள், ஒரு வேலையைக் கொடுங்கள்" என்று சிலர் சொன்னதுதான் பலித்தது. தண்ணீர்க் கிண்ணம் இப்போது அவன் பொறுப்பு. தினமும் காலையில் கழுவிப் புதிதாக நிரப்புகிறான். மறந்தால் நான் நினைவுபடுத்துவேன். குட்டியைத் தாகத்தில் விட்டுப் பாடம் நடத்த எனக்கு மனமில்லை.

அப்புறம், அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறோம். உறுமினால் 'என்னை விடு' என்று கேட்கிறது என விளக்கினேன். இப்போது அவனே "அம்மா, இதுக்குப் பிடிக்கலை" என்று கையை எடுத்துவிடுகிறான். அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தடுப்பூசி பற்றிக் கேட்டவர்களுக்கு: மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போட்டாகிவிட்டது. ஆனாலும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். பட்டதை மறைக்காமல் சொல்லணும் என்று மகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். சொன்னால் குட்டியை வெளியே விட்டுவிடுவோமோ என்று பயந்தான். விட மாட்டோம் என்று உறுதி கொடுத்திருக்கிறோம்.