உதவி: காப்பகத்தில் "கோலம்" தேடினால் "காலம்" வருகிறது

கோலமாவு (இரவு 11:40)
அவசரமாக உதவி வேண்டும். எங்கள் பழைய மடற்குழுவின் காப்பகத்தில் தேடல் குழம்பிக் கிடக்கிறது. கோலம் என்று தேடினால் காலம் இருக்கும் மடல்களெல்லாம் சேர்ந்து வருகின்றன. முதலில் நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் எல்லோருக்கும் திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

திண்ணைவாசி
எந்தத் தரவுத்தளம்? எத்தனை மடல்? தேடல் எதில் ஓடுகிறது? இதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது அக்கா.

பழைய எழுத்துரு
மடற்குழு என்றால் 2004-க்கு முந்தைய மடல்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில்தான் இருக்கும். கொஞ்சம் டாப், டாம் குறியாக்கங்கள் கூடக் கலந்திருக்கும். மடல் தலைப்பில் எழுத்துக்குறி என்ன என்று பாருங்கள். "எக்ஸ் யூசர் டிஃபைண்ட்" என்று இருந்தால் அது டிஸ்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். கோ கா ஆனது அதனால்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

மூவெழுத்து
எதுவானாலும் ட்ரைகிராமுக்கு மாறிவிடுங்கள். மூன்று மூன்று எழுத்தாக வெட்டி வைத்துக்கொள்ளும், சொல்லின் நடுவிலும் தேடலாம். தமிழுக்கு அதுதான் சரி.

திண்ணைவாசி
ட்ரைகிராமில் மூன்று குறிக்கு (கணினி தனித்தனியாக எண்ணுவது) குறைவான சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது. "பூ" என்பது ப, அப்புறம் ஊகாரக் குறி, ஆக இரண்டுதான். கோலக் குழுவில் பூ என்று தேட முடியாவிட்டால் எப்படி?

வழிகாட்டி
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. "ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்பவர்கள் எப்போதும் ஏதோ செய்திருப்பார்கள். எழுத்து வேறு, குறி வேறு என்ற அடிப்படை தெரியாமல் காப்பகம் நடத்த வரக்கூடாது. கணினிக்குக் "கோ" ஓர் எழுத்து அல்ல. அங்கிருந்து தொடங்குங்கள்.

கோலமாவு (மறுநாள் காலை 6:15)
மன்னிக்கவும், தூக்கக் கலக்கத்தில் போட்ட பதிவு. விவரம்: குழு 1999-ல் தொடங்கியது. கோலம், சமையல், வீட்டுக் குறிப்புகள். குழு இருந்த சேவையை 2020 டிசம்பரில் மூடிவிட்டார்கள், அதற்கு முன்பே மடல்களை இறக்கி வைத்துக்கொண்டோம். நாற்பதாயிரத்துச் சொச்சம் மடல். டிஸ்கியிலிருந்து மாற்றும் நிரலை எங்களோடு இருந்த ஒருவர் எழுதினார். இப்போது அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் பகலில் வேறு வேலை.

தரவுத்தளம் எஸ்கியூலைட். வேகமாக இருக்கட்டும் என்று போன வாரம் தேடலை எஸ்கியூலைட்டின் சொல் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5-க்கு மாற்றினோம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அவசரம் ஏனென்றால், திருச்சியில் 78 வயது அம்மா ஒருவர் 2002 மார்கழியில் தான் அனுப்பிய கோலத்தைக் கேட்கிறார். 15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி. அப்போது அவரிடம் படம் அனுப்ப வசதி இல்லை. எந்த வரிசையில் எந்தப் புள்ளியிலிருந்து இழை எப்படி வளைய வேண்டும் என்று முழுக் கோலத்தையும் எழுத்தாலேயே சொல்லியிருந்தார். இப்போது கை நடுங்குகிறதாம், பேத்திக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம்.

புள்ளிமயங்கி
போன வாரம் மாற்றினீர்களா, அங்கேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கோலம் தேடும்போது "கூலம்" வருகிறதா? "கலம்" வருகிறதா?

கோலமாவு
கூலம் வருகிறது (பொங்கல் மடல் ஒன்றில் "கூலம்" இருந்தது). கலம் வரவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

புள்ளிமயங்கி
அப்படியானால் எழுத்துரு மாற்றத்தின் மேல் பழி போட வேண்டாம். எஃப்டிஎஸ்5 இயல்பாக எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடு கணக்கில் "மார்க்" வகை. அதற்கு அவை நிறுத்தக்குறி மாதிரி. அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். கோலம் என்பது "க", "லம" என்று இரண்டு துண்டாகிவிடும். காலமும் அதே இரண்டு துண்டு, கூலமும் அதே. கலத்தில் நடுவே குறி இல்லாததால் "கலம" என்று ஒரே துண்டாக நிற்கும், அதனால் தப்பித்தது. கல், கலை, கலி மூன்றும் இப்போது உங்கள் காப்பகத்தில் ஒரே சொல்.

செய்ய வேண்டியது: அட்டவணையை உருவாக்கும் வரியில் டோக்கனைசருக்கு (சொல்லை வெட்டும் பகுதி) "கேட்டகரிஸ்" என்று ஒரு தேர்வு உண்டு. இயல்பாக இருக்கும் எல், என், சிஓ வகைகளோடு "மார்க்" வகைகளான எம்என், எம்சி இரண்டையும் சேருங்கள். இருக்கும் அட்டவணையில் இதை மாற்ற முடியாது. தேடல் அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். மிகப் பழைய எஸ்கியூலைட் பதிப்பில் இந்தத் தேர்வு இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய எழுத்துரு
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சரிசெய்த பிறகு என் பிரச்சினையும் வரும் பாருங்கள்.

கோலமாவு (மாலை 5:50)
காலம் போய்விட்டது! ஆனால் 2004-க்கு முந்தைய மடல் ஒன்றுகூட இப்போது வரவில்லை. நேற்று தப்பும் தவறுமாக அவையாவது வந்தன.

வழிகாட்டி
"கோ" ஓர் எழுத்து அல்ல என்று நான் முதலிலேயே சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. பழைய மடலிலிருந்து கோலம் என்ற சொல்லை நகலெடுத்து அதன் நீளத்தை எண்ணுங்கள். 5 வர வேண்டும் (க, ஓகாரக் குறி, ல, ம, புள்ளி). உங்களுக்கு 6 வரும். டிஸ்கியில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி வடிவங்கள். உங்கள் நிரல் ஓகாரக் குறியை ஒன்றாக்காமல் ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாக விட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடின் சீர்வடிவமான என்எஃப்சிக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுப்பிலேயே இருக்கிறது. இது பாலபாடம்.

திண்ணைவாசி
ஐயா, தீர்வு அருமை. பாலபாடம் என்பதை விட்டிருக்கலாம். சம்பளமில்லாமல் ராத்திரி விழித்து இரண்டு பேர் இருபது வருட மடல்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லித்தர யார் இருந்தார்கள்?

பழைய எழுத்துரு
ஔகாரத்தை மறக்காதீர்கள். பௌர்ணமி, சௌபாக்கியம் என்று கோலக் குழுவில் நிறைய வரும். பாதிப் பேர் ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தை அடித்துப் "பெளர்ணமி" என்று எழுதியிருப்பார்கள். அதை என்எஃப்சி தொடாது, ளகரம் தனி எழுத்தாயிற்றே. ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

மூவெழுத்து
மாற்றினால் கெளுத்தி மீன் என்ன ஆகும்? சமையல் குறிப்பும் இருக்கிறது என்றார்களே.

பழைய எழுத்துரு
ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடலாம். வெறும் ள இருந்தால் மட்டும் மாற்றம்.

மூவெழுத்து
அப்போது "கெளம்பிட்டேன்", "வெளக்கு" எல்லாம்? மடற்குழுவில் மக்கள் பேசுகிற மாதிரிதான் எழுதுவார்கள்.

வழிகாட்டி
கிளம்பு, விளக்கு என்று எழுதியிருக்க வேண்டும். பிழையாக எழுதியதற்காகக் காப்பகம் வளைய வேண்டியதில்லை.

மூவெழுத்து
அது பிழை அல்ல. என் அத்தை வாழ்நாள் முழுக்க வெளக்கு என்றுதான் சொன்னார், எழுதினார். அவர் எழுதியதைத் திருத்திவிட்டு அதை அவருடைய மடல் என்று எப்படிச் சொல்வது?

புள்ளிமயங்கி
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மூல மடலை யாரும் தொடக் கூடாது, ஒரு புள்ளிகூட. தேடுவதற்கென்று அட்டவணையில் தனி நெடுவரிசை ஒன்று வையுங்கள். என்எஃப்சி, ஔகார மாற்றம் எல்லாம் அதில் மட்டும். தேடுபவர் அடிக்கும் சொல்லுக்கும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள். கெளம்பு கௌம்பு ஆனாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஆவதால் கிடைத்துவிடும். படிப்பவர் கண்ணுக்கு அத்தை எழுதியது அப்படியே தெரியும்.

ஸ்ரீயையும் பாருங்கள். 2005-ல் யூனிகோடு 4.1-ல் தனியாக ஶகரம் சேர்ந்தது. அப்புறம் சில விசைப்பலகைகள் ஸ்ரீக்கு அதையும், சில பழையபடி ஸகரத்தையும் இடுகின்றன. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, என்எஃப்சியும் சேர்க்காது. ஸ்ரீரங்கம் தேடி வராவிட்டால் காரணம் அதுதான்.

கோலமாவு (இரவு 1:20)
நீளம் 6 தான் வந்தது. தனி நெடுவரிசை வைத்துக் கட்டிவிட்டோம். "இடுக்குப் புள்ளி" தேடினேன், திருச்சி அம்மாவின் மடல் மூன்றாவதாக வந்தது. "எட்டாம் வரிசை நடுப் புள்ளியில் இழையைத் தொடங்கவும், கை எடுக்க வேண்டாம்" என்று ஆரம்பிக்கிறது. அவருக்கு அனுப்பிவிட்டேன். ஸ்ரீயை இன்னும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. வழிகாட்டி ஐயாவுக்கும்.

திண்ணைவாசி
மகிழ்ச்சி அக்கா. கட்டிய நிரலை இங்கே போட முடியுமா? எங்கள் ஊர்க் குழுவின் மடல்களும் இதே நிலையில்தான் கிடக்கின்றன.

பழைய எழுத்துரு
எனக்கும் வேண்டும்.

திண்ணைவாசி (நான்கு நாள் கழித்து)
அக்கா?