கல்லடியில் இரும்புக் கேற்றில் பெயின்றின் கீழ் கறள்

கேள்வி: கல்லடிக் கடற்கரையோரமுள்ள எங்கள் வீட்டுக் கேற்றுக்குச் சென்ற வருடந்தான் பெயின்ற் பூசினோம், இப்போது வெல்டிங் தடங்களில் கொப்புளம் எழுந்து, நகத்தால் சுரண்டினால் செங்கறள் உதிர்கிறது. காரணம் என்ன?

பதில்: பூசுமுன் உப்பைக் கழுவினீர்களா? இரும்பில் தங்கிய உப்பு, பெயின்றினூடாக ஈரத்தை இழுத்துக் கொப்புளத்தை எழுப்புகிறது. அதிலுள்ள குளோரைட்டு கறளை விரைவுபடுத்துகிறது. நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, கறளை நீக்கி, அன்றைக்கே துத்தநாகப் பிறைமர் (பெயின்றுக்கு முந்திய அடிப்பூச்சு) பூசுங்கள்.

கேட்டவர்: கழுவவில்லை ஐயா, கம்பித் தூரிகையால் தேய்த்ததோடு சரி.

கல்முனையிலிருந்து இன்னொருவர்: பதிலுக்கு ஒரு திருத்தம். துத்தநாகம் செறிந்த பிறைமர், மணல்வீச்சால் (காற்றழுத்தத்தில் மணலை வீசி) சுத்தமாக்கிய இரும்பிலேயே சரியாக வேலை செய்யும். கையால் தேய்ப்பதானால், சிறிதளவு கறள் எஞ்சினாலும் பிடிக்கக்கூடிய எப்பொக்சிப் (இருகூறு பிசின்) பிறைமரே பொருத்தம். கூர்விளிம்புகளில் பெயின்ற் மெல்லிதாகவே நிற்பதால், அவற்றுக்கும் வெல்டிங் தடங்களுக்கும் முதலில் தூரிகையால் தனிப்பூச்சு கொடுங்கள்.