வேடியப்பன் கட்டுரை திரும்பி வந்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

அரூர் மாணவி:
வணக்கம். பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ச் சாமி வேடியப்பனைப் பற்றி புராஜெக்ட் செய்தேன். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் கிடையாது. புளியமரத்தடியில் வில்லோடு நிற்கும் ஒரு நடுகல்தான், இறந்த வீரனுக்காக நட்ட கல். எண்ணெய் பூசிப் பூசி முகமே வழுவழுவென்று ஆகிவிட்டது. அதை ஆங்கிலத்தில் எழுதி, இளநிலை மாணவர்களின் மானிடவியல் கட்டுரைகளை வெளியிடும் ஓர் இதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர்களிடம் போகாமலேயே திரும்பிவிட்டது. எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாதாம், ஆனால் கோப்பில் என் பெயர் இருக்கிறதாம். தமிழ் மேற்கோள்களைப் படிக்க முடியவில்லையாம். பேசியவர்களிடம் ஒப்புதல் வாங்கியதாக ஒரு வரிகூட இல்லையாம். கல்லைப் பற்றி நிறைய இருக்கிறது, மனிதர்கள் எங்கே என்றும் கேட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டுத்தானே அனுப்பினேன்? சொந்தப் பாட்டியிடம் பேசியதற்குமா ஒப்புதல்? கல்லூரியில் மானிடவியல் துறை இல்லை, கேட்க ஆளில்லை. இதற்கிடையில் வேறொரு இதழ், மூவாயிரம் ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறது. அங்கே கொடுத்துவிடலாமா?

பாலக்கோடு அண்ணன்:
பணம் கட்டாதேம்மா. ஒரு வாரத்தில் போடுகிறேன் என்றால் யாரும் படிக்கப்போவதில்லை என்று அர்த்தம். யுஜிசி கேர், அதாவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலில் இருக்கிறோம் என்பார்கள். அந்தப் பட்டியலையே 2025-இல் யுஜிசி நிறுத்திவிட்டது. ஒரு தடவை அங்கே வந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழ் எதுவும் எடுக்காது.

பெயர் விஷயம். வேர்ட் கோப்பின் உள்ளேயே எழுதியவர் பெயர் பதிவாகியிருக்கும். ஃபைல், இன்ஃபோ போய் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கொடுத்தால் காட்டும், அங்கேயே நீக்கிவிடலாம். உன் சார் திருத்திய கமெண்டுகள், நன்றியுரை, கோப்பின் பெயர் எல்லாவற்றையும் பார். தமிழை டிடிபி கடையில் அடித்தாயா?

அரூர் மாணவி:
ஆமாம் அண்ணா. பாமினி எழுத்துரு என்றார்கள்.

பாலக்கோடு அண்ணன்:
அதுதான். பாமினி யூனிகோடு இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் நீயே படித்துப் பார், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். பிடிஎஃப் ஒன்றும் போட்டு வைத்துக்கொள்.

ஓசூர் அக்கா:
நான் மானிடவியல் படித்தவள். மேலே சொன்னதெல்லாம் அரை நாள் வேலை. மனிதர்கள் எங்கே என்று கேட்டார்கள் பார், அதுதான் பெரிய வேலை. கட்டுரையில் பாதி பல்லவர் காலம், வட்டெழுத்து, ஆநிரைப் பூசல் என்றுதானே போகிறது?

அரூர் மாணவி:
இருபத்தெட்டுப் பக்கத்தில் பதினேழு பக்கம் அக்கா. அப்புறம் ஆங்கிலேய அதிகாரி எட்கர் தர்ஸ்டன் சாதிகளைப் பற்றி எழுதியதிலிருந்து இரண்டு பக்கம்.

ஓசூர் அக்கா:
தர்ஸ்டன் எழுதியது 1909-இல். மூக்கை அளந்து மக்களை வகைப்படுத்தியவர். அந்தக் காலத்து அதிகாரிகள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அவரைக் காட்டலாம். இன்றைய உங்கள் ஊருக்குச் சான்றாக வைத்தால் எந்த மதிப்பீட்டாளரும் விடமாட்டார்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, பார்த்திருப்பாய். அவற்றுக்கு எண்ணெய் பூச யாரும் வருவதில்லை. உங்கள் ஊர்க் கல்லுக்கு வருகிறார்கள். ஏன் வருகிறார்கள், யார் பூசலாம், யார் தொடக்கூடாது? உன் கட்டுரை இதுதான். கள நோட்டை எடுத்து, பாட்டி சொன்னதில் உனக்கு மறக்காதது எது என்று பார்.

ஒப்புதல் கட்டாயம், பாட்டியிடமும். கையெழுத்து தெரியாதவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டு, கேட்ட தேதியைக் குறித்து வைத்தால் போதும், மானிடவியலில் அது வழக்கம்தான். நெறிமுறைக் குழுவின் அனுமதி கேட்டால், கல்லூரியில் அப்படியொரு குழு இல்லை என்று ஆசிரியர் குழுவுக்கு நேராக எழுது. வழிகாட்டியிடம் கடிதம் வாங்கி இணை. பேசியவர் உன் பாட்டி என்பதையும் மறைக்காதே. பேத்தியாக இருந்ததால் எது காதில் விழுந்தது, எதைக் கேட்க முடியாமல் போனது என்று இரண்டு பத்தி எழுது.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்திலிருந்து 'ஜர்னல் ஃபார் அண்டர்கிராஜுவேட் எத்னோகிராஃபி' என்று ஒன்று வருகிறது. 2011-இல் தொடங்கியது, இளநிலை மாணவர்களின் களப்பணிக்கென்றே உள்ளது. நாலைந்து கட்டுரை படித்துவிட்டு உட்கார். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பிவிடாதே.

அரூர் மாணவி (ஒன்பது நாள் கழித்து):
அக்கா, பல்லவர் காலம் மூன்று பக்கத்துக்கு வந்துவிட்டது. பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். புது மருமகள் வந்தால் முதல் களி உருண்டையைக் கல்லுக்கு முன்னால் வைத்து, "இவளும் உன் ஆள்தான், பார்த்துக்கோ" என்று சொல்லுவார்களாம். பாட்டியும் பதினாறு வயதில் அப்படி நின்றிருக்கிறார். நோட்டில் இருந்தது, கட்டுரையில்தான் விட்டிருந்தேன். இப்போது அதில்தான் தொடங்குகிறது. முதல் மரியாதைக்கு இரண்டு வீட்டார் அடித்துக்கொண்டதை மட்டும் எழுதாதே என்றார், எடுத்துவிட்டேன். ஆனால் புனைபெயர் வேண்டாமாம், தன் பெயரையே போடச் சொல்கிறார். போடலாமா?

ஓசூர் அக்கா:
அவரே கேட்டால் போடலாம், அவர் விருப்பம் என்று குறிப்பும் எழுது. மதிப்பீட்டுக்குப் போகும் பிரதியில் மட்டும் 'என் பாட்டி' என்றே இருக்கட்டும், அவர் பெயர் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு பெயரைச் சேர்க்கலாம். ஊர்ப் பெயரைப் போடலாமா என்று இப்போதே ஒரு தடவை யோசி. பாட்டி தன் பெயருக்குத்தான் சம்மதம் சொன்னார், மற்ற வீட்டாரையும் கேட்க வேண்டும்.

அரூர் மாணவி:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன் அக்கா.