குளிர்காலம் முழுக்க கேம் கன்சோலை மூட்டை கட்டி வைக்கணும், கெடாம எப்படி வைக்கறது?

கார்ட்ரிட்ஜ்_பைத்தியம்:
வணக்கம் மக்களே, ஒரு நாலு மாசம் வீட்ல யாரும் இருக்க மாட்டோம், ஹீட்டரையும் அணைச்சுட்டுத்தான் போறோம், வெளிய தண்ணி உறையற அளவுக்கு குளிரும். என்கிட்ட ஒரு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச், கைல வெச்சு ஆடற பழைய கேம் பாய், கொஞ்சம் கார்ட்ரிட்ஜ் (கேம் இருக்கற சின்ன பிளாஸ்டிக் பெட்டி), டிஸ்க்கெல்லாம் இருக்கு. மொத்தத்தையும் அட்டைப்பெட்டில போட்டு கார் ஷெட்ல வெச்சுடலாம்னு பாத்தேன், தம்பி வேண்டவே வேண்டாம்ங்கறான். குளிர் பட்டா அப்படி என்னதான் ஆகும்?

ஸ்லோ_லோடிங்:
தம்பி சொல்றத கேளுங்க ப்ரோ. சும்மா கிடக்கற மெஷினை குளிர் அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, ஈரம்தான் எமன். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பாட்டில் மேல தண்ணி முத்து முத்தா நிக்கும்ல, ஜில்லுனு இருக்கற கன்சோலை சூடான ரூமுக்கு கொண்டுவந்தா உள்ள போர்டு மேலயும் அதேதான், அந்த நேரம் பார்த்து பவர் போட்டா ஷார்ட். நான் ஒரு தடவை ராத்திரி முழுக்க கார் டிக்கில கிடந்த கன்சோலை வீட்டுக்குள்ள கொண்டுவந்து பத்து நிமிஷம்கூட பொறுக்காம ஆன் பண்ணேன், டப்புனு ஒரு சத்தம், பவர் சப்ளை காலி. அதனால கவர்ல போட்டு வாயை இறுக்கி மூடி வைங்க, திரும்ப எடுக்கறப்போ கவரைப் பிரிக்காம ஒரு நாள் ரூம்ல விட்டுடுங்க, ஈரம் கவருக்கு வெளியதான் படியும். பிஎஸ்4-ஐ ஆன் பண்ணி ஓட்டறதுக்கு ரூம்ல 5 டிகிரியாவது வேணும்.

ஷெட், பரண் ரெண்டும் வேண்டாம், பகலுக்கும் ராத்திரிக்கும் சூடு ஏறி ஏறி இறங்கும். உள் ரூம் அலமாரி போதும். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சும், எலிக்கும் கொண்டாட்டம். மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட், அவ்வளவுதான். மழை பேஞ்சு நசநசன்னு இருக்கற அன்னிக்கு மட்டும் பேக் பண்ணாதீங்க, அந்த ஈரக்காத்தையும் சேர்த்து உள்ள பூட்டின மாதிரி ஆயிடும்.

பாதி_சார்ஜ்:
பேட்டரிய பத்தி யாரும் சொல்லலியே. ஸ்விட்ச்சை சுத்தமா தீர்ந்து போயும் வைக்காதீங்க, ஃபுல்லாவும் வைக்காதீங்க, பாதிக்கு வந்ததும் ஆஃப் பண்ணுங்க, ஸ்லீப் மோட் இல்ல, முழுசா ஆஃப். ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் போடணும்னு நின்டெண்டோவே சொல்லுது, நாலு மாசம்னா தப்பிச்சீங்க. வந்ததும் ஜில்லுனு இருக்கறப்பவே சார்ஜர சொருகாதீங்க, ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தினா லித்தியம் பேட்டரி உள்ளுக்குள்ளயே பாழாகும். கேம் பாய்ல போடற செல்லை மறக்காம கழட்டுங்க, ஒழுகினா அந்த வெள்ளைப் பொடி கம்பியெல்லாம் தின்னுடும்.

அப்புறம் ஒயரை கன்சோல் மேலயே சுத்தி வைக்காதீங்க. ஒயர் ரப்பர்ல இருக்கற எண்ணெய் மாதிரி ஒண்ணு மெல்ல கசிஞ்சு பிளாஸ்டிக்ல தடம் போட்டுடும், என் பழைய கண்ட்ரோலர்ல இன்னும் பாம்பு படுத்த மாதிரி இருக்கு 😭

கார்ட்ரிட்ஜ்_பைத்தியம்:
நல்லவேளை கேட்டேன், செல்லு உள்ளயேதான் இருந்துது! கார்ட்ரிட்ஜ் உள்ள பட்டன் செல் இருக்குமே, அதையும் கழட்டிடவா?

ஸ்லோ_லோடிங்:
ஐயோ கை வெச்சுடாதீங்க!! பழைய கார்ட்ரிட்ஜ்ல சேவ், அதாவது நீங்க ஆடின வரைக்கும் பதிஞ்சு வெச்சது, நிக்கறதே அந்த செல்லாலதான், கழட்டின அடுத்த நிமிஷம் சேவ் போச்சு. கார்ட்ரிட்ஜை கம்ப்யூட்டர்ல சொருகற ரீடர் இருந்தா முதல்ல சேவை கம்ப்யூட்டருக்கு காப்பி எடுங்க. பிஎஸ்4 சேவையும் ஒரு பென் டிரைவ்ல போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க. டிஸ்க்கை கேஸ்ல போட்டு புக் மாதிரி நிக்க வைங்க, படுக்க வெச்சு அடுக்க வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ்_பைத்தியம்:
சரி ப்ரோ, தொடல. டப்பா வாங்க கிளம்பிட்டேன், தம்பிகிட்ட மட்டும் அவன் சொன்னதுதான் சரின்னு சொல்லப் போறதில்ல.