சிறிய வாடகைக் குடியிருப்புக்கு வரைபடம்: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

கட்டத் திட்டமிடுபவர்

வணக்கம். தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கட்டப் போகிறோம். தளத்துக்கு இரண்டு என மொத்தம் ஆறு வீடுகள், எல்லாமே வாடகைக்கு. பொறியாளர் மூன்று மாதிரி வரைபடங்கள் தந்திருக்கிறார். மூன்றிலும் அறைகளின் எண்ணிக்கையும் பரப்பளவும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த அறை எங்கே அமைகிறது என்பதில்தான் வேறுபாடு. எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. இத்தகைய கட்டடங்களில் குடியிருந்தவர்களும் பராமரிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் தாங்கள் கண்டதைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வாடகை வீடுகளைப் பராமரிப்பவர்

ஒவ்வொரு மாதிரியிலும் தளத்துக்கு ஒரு தாள் இருக்கும். அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குளியலறைக்கு மேலே குளியலறை, சமையலறைக்கு மேலே சமையலறை வருகிறதா? வராத மாதிரியை, மற்றபடி எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஒதுக்கிவிடுவேன்.

இதற்குக் காரணமான ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதன் உரிமையாளர் மேல்மாடி வீட்டை மட்டும் கொஞ்சம் விசாலமாக அமைக்க விரும்பி, குளியலறையை மூலைக்குத் தள்ளினார். அந்த மூலைக்கு நேர் கீழே வேறொரு குடும்பத்தின் படுக்கையறை. கழிவுநீர் செங்குத்துக் குழாயை அடைய, படுத்த நிலையில் நீண்ட தூரம் போக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. அந்த அறையில் கைக்குழந்தை உறங்கும் தொட்டில் இருந்தது.

குழாயைத் தொட வேண்டுமானால் மேல்வீட்டுக் குளியலறைத் தரையை உடைக்க வேண்டும். வேலை முடியும் வரை மேல்வீட்டாருக்குக் குளியலறை இல்லை, கீழ்வீட்டாருக்குப் படுக்கையறை இல்லை. "நாங்கள் எங்கள் வீட்டில் குளிக்கக்கூடாதா?" என்றார் ஒருவர். "எங்கள் குழந்தை எங்கே தூங்குவது?" என்றார் மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பண்டிகை நாளில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்வந்த குடும்பங்கள் அவை. பழுது தீர்ந்தது, ஆனால் பேச்சு நின்றது நின்றதுதான். தாளில் ஒரு கோட்டை நகர்த்தியிருந்தால் நேர்ந்திருக்காத பகை அது. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நான் பார்த்துக்கொள்ளும் இன்னொரு கட்டடத்தில் குளியலறைகளும் சமையலறைகளும் ஒரே டக்டை, அதாவது குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் ஒடுக்கமான இடைவெளியைச் சுற்றி, தளத்துக்குத் தளம் நேராக நிற்கின்றன. டக்டின் கதவு படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது. குழாயில் எங்கே கசிந்தாலும் பிளம்பர் யார் வீட்டுக்குள்ளும் போகாமலே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறார்.

குழாய் வேலை செய்பவர்

மேலே சொன்னதற்கு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுத்துச் செல்லும் கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். குளியலறை டக்டிலிருந்து 3 மீட்டர் விலகினால் குழாய் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்குமேல் குழாயின் பருமன், வளைவுகள். இவ்வளவும் கான்கிரீட் தளத்துக்குள்ளோ கீழ்வீட்டின் கூரைக்கடியிலோதான் போயாக வேண்டும்.

டக்டில் காற்றுக் குழாய் விடுவதையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மேல்வீட்டில் ஒரே மூச்சில் நீர் இறங்கும்போது கீழ்வீட்டுத் தரை வடிகாலில் தேங்கி நிற்கும் நீரையும் உறிஞ்சி இழுத்துவிடும். துர்நாற்றத்தைத் தடுப்பது அந்தத் தேங்கிய நீர்தான். குடியிருப்பவர் நாளெல்லாம் கழுவிக்கொண்டே இருப்பார், நாற்றம் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடைப்பு வால்வை வெளியிலிருந்து எட்டும்படி வையுங்கள். ஒரு வீட்டுக் குழாய்க்காக ஆறு வீடுகளுக்கும் தண்ணீரை நிறுத்துவது வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும் தொல்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்

நான் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு பார்க்க வருபவருக்கு அது தெரியாது. பகல் பதினொரு மணிக்கு வந்து பார்ப்போம், எல்லாம் அமைதியாக இருக்கும்.

முன்பு குடியிருந்த வீட்டில் என் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கூடம். அவர்களது தொலைக்காட்சி அதே சுவரில் மாட்டியிருந்தது. அவர்கள் மிக நல்லவர்கள், சொன்னவுடன் ஒலியைக் குறைப்பார்கள். ஆனாலும் ஒரு குடும்பம் இரவு ஒன்பது மணிக்குத் தன் கூடத்தில் உட்கார்ந்து பேசிச் சிரிக்கக் கூடாது என்று நான் எப்படிக் கேட்பேன்? எனக்கோ அதிகாலைப் பணி. கடைசியில் வீட்டை மாற்றினேன். எனக்குப் பின் வந்தவரும் அதே காரணத்துக்காகக் காலி செய்ததாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது இருக்கும் வீட்டின் அமைப்பு, பக்கத்து வீட்டை நிலைக்கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கிறது. பொதுச்சுவரின் இருபுறமும் படுக்கையறைகள், கூடத்துக்கு மறுபுறம் கூடம். உறங்கும் நேரத்தில் இரு பக்கமும் உறங்குகிறார்கள். இதற்குத் தனிச் செலவு எதுவும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

படிக்கட்டுச் சுவரையும் மோட்டார் அறையையும் ஒட்டிப் படுக்கையறை வேண்டாம். அந்தப் பக்கம் அலமாரியோ குளியலறையோ இருக்கட்டும்.

கட்டடக் கலைஞர்

வாடகைதாரரின் பதிவை ஒவ்வொரு உரிமையாளரும் படிக்க வேண்டும். சுவரைத் தடிமனாக்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகத் தடுக்கப்படும் ஒலி சுமார் 5, 6 டெசிபல்தான். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பக்கத்து அறை கூடமாக இருப்பதற்கு அது ஈடாகாது. இன்னொன்று: பொதுச்சுவரின் இருபுறமும் சுவிட்ச் பெட்டிகளை நேருக்கு நேர் பதித்தால் அந்த இடத்தில் சுவரே இல்லாததுபோல் பேச்சுக் குரல் கேட்கும். அவற்றை விலக்கிப் பதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மூன்று மாதிரிகளிலும் அறைகள் வெறுமையாக இருக்கின்றன அல்லவா? அளவுக்கேற்ப வெட்டிய காகிதத் துண்டுகளைக் கட்டில், அலமாரி, உணவு மேசை என்று வைத்துப் பாருங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை போதும் என்று தோன்றும். 1.5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள கட்டிலைப் போட்டு, கதவைத் திறந்து, அலமாரியையும் திறந்தால் நிற்க இடமிருக்கிறதா என்று தெரியும். நான் சந்தித்த ஒரு குடியிருப்பில் எல்லா அறைகளிலும் கதவும் ஜன்னலும் நான்கு சுவர்களையும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. பரப்பளவு தாராளம், கட்டில் போட மட்டும் ஒரு முழுச் சுவர் இல்லை. கதவைச் சுவரின் நடுவிலிருந்து மூலைக்கு நகர்த்தியிருந்தால் போதும்.

பிறகு ஒரு பென்சிலால் நடைவழியை வரையுங்கள்: படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு, சமையலறையிலிருந்து உணவு மேசைக்கு, வாசலிலிருந்து கூடத்துக்கு. ஜெர்மனியில் அலெக்சாண்டர் க்ளைன் என்ற கட்டடக் கலைஞர் 1920-களின் இறுதியிலேயே சிறு வீடுகளின் வரைபடங்களை இப்படி நடைக்கோடுகள் வரைந்து ஒப்பிட்டார். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் வீட்டில், விருந்தினர் கூடத்தில் இருக்கும்போது குளித்துவிட்டு வருபவர் அவர்கள் முன்னால் நடக்க வேண்டியிருக்கும். இரண்டு பேர் பகிர்ந்து தங்கும் வாடகை வீட்டில் இது இன்னும் முக்கியம். ஒருவரது அறை வழியாக மற்றவர் நடக்கும்படி எந்த வழியும் அமையக் கூடாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகலொளி பயன்படும் அளவுக்கு உள்ளே வரும். மேல்விளிம்பு 2.1 மீட்டர் என்றால் சுமார் 5 மீட்டர். அதற்கு அப்பால் குளியலறையும் சாமான் அறையும் இருக்கலாம், மனிதர் உட்காரும் இடம் வேண்டாம்.

பக்கத்து மனையை ஒட்டிய அறைக்கு "சின்னதாக ஒரு காற்றுத் துவாரம் விட்டுவிடலாம்" என்று யாரேனும் சொன்னால் நியூயார்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1879-ல் வந்த சட்டம் வாடகைக் குடியிருப்பின் ஒவ்வொரு அறைக்கும் காற்று வர வேண்டும் என்றது. கட்டியவர்கள் இரு கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான கிணறு போன்ற இடைவெளி விட்டு அதை நிறைவேற்றினார்கள். வெளிச்சம் கீழ்த்தளங்களை எட்டவில்லை. குப்பை குவிந்தது, சத்தமும் நாற்றமும் அறைக்கு அறை பரவின, தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியானது. 1901-ல் புதிய சட்டம் கொண்டுவந்து அகலமான முற்றங்களைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. எத்தனையோ குடும்பங்கள் மூச்சுத் திணறிக் கற்றுத் தந்த பாடத்தை நாம் மறுபடி புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

சக்கர நாற்காலியில் இருக்கும் தந்தையைப் பராமரிப்பவர்

ஒரே ஒரு வேண்டுகோள். தரைத்தள வீடுகளில் ஒன்றையாவது படியில்லாத வாசலோடு கட்டுங்கள். நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும், கதவைத் திறந்தால் 80 சென்டிமீட்டருக்குக் குறையாத வழி வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு அது நேர்ந்தது, கதவைப் பெயர்த்துத்தான் அப்பாவை வெளியே எடுத்தோம். வீடு தேடி அலைந்தபோது வாடகை எங்களுக்குத் தடையாக இருக்கவில்லை, வாசல்படிகள்தான் தடையாக இருந்தன.

கட்டத் திட்டமிடுபவர்

எல்லோருக்கும் நன்றி. தாள்களை அடுக்கிப் பார்த்ததில் ஒரு மாதிரி அப்போதே விழுந்துவிட்டது. மீதி இரண்டில் ஒரு குழப்பம்: ஆறு வீடுகளும் இரு படுக்கையறை வீடுகளாக இருக்கட்டும் என்கிறார் என் தம்பி. ஒன்றும் மூன்றுமாகக் கலந்து கட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆறு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்

உங்கள் இருவர் எண்ணத்துக்கும் இடம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு தளத்திலும் இரு வீடுகளுக்கு நடுவே ஓர் அறை அமைந்திருக்கிறது. அந்த அறைக்கு இரு பக்கச் சுவரிலும் கதவு வைக்கும் அளவுக்கு லிண்டல் (வாசல் திறப்பின் மேல் வரும் குறுக்கு உத்திரம்) போட்டு, ஒரு பக்கத்தைச் செங்கல்லால் முழுதாக அடைத்துப் பூசிவிட்டோம். இப்போது அது இடப்பக்க வீட்டுக்கு உரியது. அவர்களுக்கு இரண்டு படுக்கையறை, வலப்பக்கத்தாருக்கும் இரண்டு. காலியாகும்போது அடைப்பை மாற்றினால் ஒன்றும் மூன்றுமாகிவிடும். முதல் மாடியில் அப்படி மாற்றினோம், மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஒரு குடும்பம் வந்து நிம்மதியாக இருக்கிறது.

தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. அந்த அறைக்குள் தண்ணீர்க் குழாய் எதுவும் போகக் கூடாது. அந்த இரு சுவர்களும் கட்டடத்தின் பாரத்தைச் சுமக்காத, வெறும் தடுப்புச் சுவர்களாக இருக்க வேண்டும். பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடைப்பதற்குப் பலகை வேண்டாம், முழுச் செங்கல்லே வேண்டும், இல்லாவிட்டால் சத்தமும் தீயும் கடந்துவிடும். மின்கம்பிகளுக்கு இரு வீட்டு மீட்டர் பெட்டிகளிலிருந்தும் வெற்றுக் குழாய் பதித்து வையுங்கள். அறை எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக் குழாய் வழியே கம்பியை இழுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒருவர் எரிக்கும் விளக்குக்கு அடுத்த வீட்டார் கட்டணம் கட்டுவார்கள்.